தொங்கு டோல்: அயர்லாந்தில் கூட்டணிப் பேச்சு நடத்திக் கரையேறுவது எப்படி

அயர்லாந்தில் தேர்தல் முடிந்து யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை என்றால், அரசு அமைக்கக் கெடு எதுவும் கிடையாது. வாக்குப்பதிவு நாளிலிருந்து 30 நாளுக்குள் கீழவையான டோல் கூட வேண்டும் என்பதோடு அரசமைப்புச் சட்டம் நிறுத்திக்கொள்கிறது. கூடிய அவை பிரதமரைத் தேர்ந்தெடுக்காமலே ஒத்திவைத்துப் போகலாம். அடுத்தவர்கள் வரும்வரை பழைய அமைச்சர்களே காபந்து அரசாகத் தொடர்வார்கள். 2016இல் இப்படி 70 நாள் போனது. 2020இல் 140 நாள். 2024 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு 55 நாள். அதனால் இடங்களை எண்ணி முடித்ததும் அடுத்து எடை போட வேண்டியது அவசரத்தை. யாருக்கு அவசரமோ அவர்தான் விலை கொடுப்பார். கீழே வரும் ஒவ்வொரு வேலையும் ஏதோ ஒரு வகையில் இதைச் சுற்றியதுதான்.

பெயர்களை ஒருமுறை பார்த்துவிடுவோம். கீழவை டோல், மேலவை ஷானட். பிரதமரை டீஷக் என்பார்கள். பெரிய கட்சிகள் மூன்று: ஃபியனா ஃபோல், ஃபினா கேல், ஷின் ஃபெய்ன். முதலிரண்டும் 1922-23 உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்றவர்களின் வாரிசுகள். 2020 வரை ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்ததே இல்லை. குடியரசுத் தலைவர் யாரையும் ஆட்சியமைக்க அழைப்பதில்லை. டோல் தேர்ந்தெடுத்தவரை நியமிப்பதோடு அவர் வேலை முடிந்தது. ஆதரவுக் கடிதங்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு மாளிகை வாசலில் நிற்கும் காட்சிக்கு இங்கே இடமில்லை. எண்ணிக்கையை அவைக்குள்தான் காட்டியாக வேண்டும்.

எண்ணுவதில் தொடங்குங்கள்

மொத்த இடத்தைப் பாதியாக்கி ஒன்று கூட்டுவது பத்திரிகைக் கணக்கு. பேச்சுக் குழுவுக்கு அது போதாது. அவைத்தலைவருக்குச் சமநிலை வந்தால் மட்டுமே வாக்கு உண்டு. அவரைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும்.

2024 முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 174 இடம். ஃபியனா ஃபோல் 48, ஷின் ஃபெய்ன் 39, ஃபினா கேல் 38, தொழிற்கட்சி 11, சமூக ஜனநாயகர்கள் 11, சுயேச்சைகள் 16, மீதி சிறு கட்சிகள். ஃபியனா ஃபோலும் ஃபினா கேலும் சேர்ந்தால் 86. அவைத்தலைவரை விலக்கினால் வாக்களிப்பவர்கள் 173 பேர். 87 வாக்கு இருந்தால் பெரும்பான்மை. அந்த நாற்காலியில் தங்கள் ஆள் ஒருவரை உட்கார வைத்தால் கூட்டணி 85 ஆகச் சுருங்கும், இரண்டு குறையும். வெளியாள் உட்கார்ந்தால் ஒன்றுதான் குறையும்.

2020இல் அந்தச் சுருக்கம் ஃபியனா ஃபோலுக்குத் தானாகவே நேர்ந்தது. பதவியில் இருக்கும் அவைத்தலைவர் ஓய்வு கேட்காவிட்டால் போட்டியின்றித் தேர்வானதாகக் கொள்ளப்படுவார். அப்போதைய அவைத்தலைவர் அந்தக் கட்சிக்காரர். அவரே மீண்டும் நாற்காலிக்குப் போனதால் 38 என்று அறிவிக்கப்பட்ட கட்சிக்கு அவையில் 37 வாக்குதான். ஃபினா கேல் 35, பசுமைக் கட்சி 12 சேர்ந்ததும் 84. அப்போது தேவை 80. அதே தேர்தலில் ஷின் ஃபெய்ன் தலைமையில் இடதுசாரி மாற்று அரசு என்ற பேச்சு பலமாக இருந்தது. கூட்டிப் பார்த்தால் ஷின் ஃபெய்ன் 37, பசுமை 12, தொழிற்கட்சி 6, சமூக ஜனநாயகர்கள் 6, தீவிர இடது 5, ஆக 66. மீதி 14 பேரை ஒன்றுக்கொன்று ஒட்டாத சுயேச்சைகளிடமிருந்து பொறுக்கியெடுக்க வேண்டும். பேச்சு அங்கேயே முட்டி நின்றது.

தாளில் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு பத்தி போட்டிருந்தால் மூன்றாவதாக ‘ஒதுங்கல்’ (வாக்களிக்காமல் இருப்பது) என்று ஒன்று போடுங்கள். பிரதமர் தேர்வு வேட்பாளர்களுக்கு இடையிலான போட்டி மாதிரி நடப்பதில்லை. ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக வைத்து ஆம், இல்லை என்று கேட்பார்கள். ஆம் என்பது இல்லையைவிட ஒன்று கூடினால் போதும். 2016 மே 6 அன்று ஃபினா கேலின் எண்டா கென்னி 59க்கு 49 என்ற கணக்கில் பிரதமரானார். அவையில் மொத்தம் 158 பேர்! ஃபியனா ஃபோல் மொத்தமாக ஒதுங்கி நின்றதால் சாத்தியமானது அது.

விளிம்பில் நிறுத்தாதீர்கள். நான்கைந்து வாக்காவது உபரி வேண்டும். 84இல் தொடங்கிய கூட்டணி, ஆட்களை ஒவ்வொருவராக இழந்து இழந்து 2022 ஜூலையில் 79க்கு வந்து நின்றது. அதற்குப் பிறகும் ஓடியது என்றால் சுயேச்சைகள் சிலர் கைகொடுத்ததால்தான்.

அவைத்தலைவர் நாற்காலி முதல் பேரப்பொருள்

டோல் கூடியதும் பிரதமருக்கு முன்னால் அவைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வாக்கு ரகசியம், ஆகவே கொறடாவை நம்பிக் கணக்குப் போட முடியாது. கூட்டணி அமையுமா என்று யாருக்கும் தெரியாத நாளில், கையில் கொடுக்கக்கூடிய உருப்படியான பதவி இது ஒன்றுதான். பெற்றுக்கொள்பவருக்கோ அடுத்த தேர்தலில் போட்டியில்லாமல் இடம் உறுதி.

2024 டிசம்பர் 18 அன்று இந்த நாற்காலி சுயேச்சையான வெரோனா மர்ஃபிக்குப் போனது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். ஃபியனா ஃபோலுக்குள்ளேயே ஆசைப்பட்டவர்கள் இருந்தும் இரு கட்சித் தலைமையும் அவரையே ஆதரித்தன, ஏனென்றால் அவர் சார்ந்த வட்டாரச் சுயேச்சைகள் குழு பேச்சுக்கு உட்கார வைத்த விலை அது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: நாற்காலியைப் பெற்றவர் உங்களுக்கு வாக்களிக்க முடியாது. அவருடைய குழுவின் மற்ற வாக்குகளுக்கான முன்பணமாக மட்டும் அதைக் கொடுங்கள். மற்றவர்கள் வாய்மொழியாகவாவது உறுதி சொல்லாமல் கொடுத்தால் முன்பணமும் போய்விடும், சரக்கும் வராது.

முதல் நாள் தோற்பதற்கும் ஒரு முறை உண்டு

கையில் எண்ணிக்கை இல்லாவிட்டாலும் தலைவரின் பெயரை முன்மொழியுங்கள். வெற்றிக்காக இதைச் செய்வதில்லை. யார் யாருடன் வாக்களித்தார்கள் என்ற பதிவுக்காக. 2020 பிப்ரவரி 20 அன்று நான்கு பெயர்கள் வந்தன. ஷின் ஃபெய்னின் மேரி லூ மெக்டொனால்டுக்கு 45 ஆதரவு, ஃபியனா ஃபோலின் மீஹால் மார்ட்டினுக்கு 41, ஃபினா கேலின் லியோ வரத்கருக்கு 36, பசுமைக் கட்சியின் ஏமன் ரயனுக்கு 12. சொந்தக் கட்சிக்கு வெளியே யாருக்கு எத்தனை பேர் என்பது அன்று மாலையே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பேச்சுக் குழுவுக்கு அதைவிட நல்ல கருத்துக்கணிப்பு கிடையாது.

பதவியில் இருக்கும் பிரதமர் அன்று தோற்றால் ராஜினாமா செய்ய வேண்டும். 1989இல் டோல் முதல்முறையாக யாரையும் தேர்ந்தெடுக்காதபோது சார்ல்ஸ் ஹோஹி உடனே விலகத் தேவையில்லை என்று வாதாடிப் பார்த்தார். அன்று மாலையே விலக வேண்டியதாயிற்று. விலகினாலும் காபந்துப் பிரதமர் அவரேதான். எனவே பழைய ஆளுங்கட்சி அவசரப்படாது. எதிர்த்தரப்பில் இருந்து பேசுகிறவர்கள் இதை மறந்துவிட்டு, நாள் தள்ளத் தள்ள அரசு தானாகப் பலவீனமாகும் என்று நம்புவது வழக்கமான தப்பு. 2020இல் கோவிட் வந்தபின் காபந்து அரசின் மதிப்பு ஏறத்தான் செய்தது.

எந்தக் கடிகாரம் யாரை நெருக்கும்

கெடு இல்லை என்றாலும் சில கடிகாரங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியது மேலவை. ஷானட்டின் 60 பேரில் 11 பேரைப் பிரதமர் நியமிக்க வேண்டும், அதுவும் புதிய டோல் கூடிய பின் நியமிக்கப்பட்ட பிரதமர். காபந்துப் பிரதமரால் முடியாது. அந்த 11 பேர் இல்லாமல் மேலவை கூட முடியாது. மேலவை இல்லாமல் சட்டம் நிறைவேறாது. 2020இல் இது கழுத்தைப் பிடித்தது. பயங்கரவாதத்துக்கும் கும்பல் குற்றங்களுக்கும் எதிரான சிறப்புச் சட்டப்பிரிவுகளை ஆண்டுதோறும் ஜூன் 29க்குள் இரு அவைகளும் புதுப்பிக்க வேண்டும். பிரதமர் தேர்வு நடந்தது ஜூன் 27, சனிக்கிழமை. அவ்வளவு நெருக்கத்தில்.

அடுத்து பணம். புதிய ஒதுக்கீடுகளை டோல் நிறைவேற்றும்வரை ஒவ்வொரு துறையும் முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டில் ஐந்தில் நான்கு பங்குவரை செலவழிக்கலாம். சாதாரண ஆண்டில் இது மாதக்கணக்கில் தாங்கும். நலத்திட்டச் செலவு எகிறும் ஆண்டில் தாங்காது.

மறுதேர்தல் என்ற மிரட்டலை அளந்து பயன்படுத்துங்கள். பெரும்பான்மை இழந்த பிரதமர் அவையைக் கலைக்கக் கேட்டால் மறுக்கும் உரிமை குடியரசுத் தலைவருக்கு உண்டு. இதுவரை யாரும் மறுத்ததில்லை. ஆனால் எதிரில் இருப்பவருக்கும் அந்தச் சட்டப்பிரிவு தெரியும்.

எந்த வடிவம் வேண்டும்

முழுக் கூட்டணி, வெளியிலிருந்து ஆதரவு, சுயேச்சைகளுடன் தனித்தனி உடன்பாடு. முதலாவதில் எல்லோரும் அமைச்சரவையில் உட்கார்ந்து எல்லாப் பழியையும் சுமப்பார்கள். அதில் விளக்க அதிகமில்லை. மற்ற இரண்டில்தான் தவறுகள் நிறைய.

வெளியிலிருந்து ஆதரவுக்கு 2016இல் ஃபினா கேலுடன் ஃபியனா ஃபோல் போட்ட உடன்பாடு நல்ல மாதிரி. பேச்சு டப்ளின் டிரினிட்டி கல்லூரியில், இருவருக்கும் பொதுவான இடத்தில் நடந்தது. ஃபியனா ஃபோல் தந்தவை: பிரதமர் தேர்விலும் அமைச்சர்கள் நியமனத்திலும் ஒதுங்கி நிற்பது, மூன்று பட்ஜெட்டுக்கு வழிவிடுவது, நம்பிக்கையில்லாத் தீர்மானங்களில் எதிர்த்து வாக்களிப்பது அல்லது ஒதுங்குவது. வாங்கியவை: வரிக்குறைப்புக்கு ஒரு பங்கு என்றால் பொதுச்சேவைச் செலவுக்குக் குறைந்தது இரண்டு பங்கு, குடிநீர்க் கட்டணம் நிறுத்திவைப்பு, சுயேச்சைகளுடன் போடும் உடன்பாடுகளை முழுதாக வெளியிடுவது, முன்கூட்டிச் சொல்லாமல் எதையும் அறிவிப்பதில்லை என்ற வாக்குறுதி. 2018 கடைசியில் மறுபரிசீலனை என்று முடிவுத் தேதியும் எழுதப்பட்டது.

ஓட்டை எங்கே இருந்தது? நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எதிர்ப்பதாக எழுதியிருந்தார்கள். ஒரு தனி அமைச்சர் சர்ச்சையில் சிக்கி, ஆதரவு தரும் கட்சியே அவர் போக வேண்டும் என்று கருதினால் என்ன வழி என்பதற்குப் படிக்கட்டு எதுவும் இல்லை. 2017 நவம்பரில் துணைப் பிரதமர் ஃபிரான்சஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு விவகாரம் வெடித்தபோது ஃபியனா ஃபோல் தீர்மானம் கொண்டுவந்தது, நாடு தேர்தலின் விளிம்புக்குப் போனது, அவர் நவம்பர் 28 அன்று விலகிய பிறகே மூச்சு வந்தது. நீங்கள் எழுதும்போது அமைச்சர் மீதான புகாருக்கு இரு தலைவர்களும் முதலில் சந்திப்பது, இத்தனை நாளுக்குள் பதில், அதற்குப் பிறகே தீர்மானம் என்று வரிசை வையுங்கள்.

சுயேச்சைகளுடன் பேசும்போது ஊர்ப் பட்டியல் வரும்: மருத்துவமனை, புறவழிச்சாலை, பள்ளி. 1982இல் ஹோஹிக்கு ஆதரவு தர டோனி கிரெகரி டப்ளின் நடுநகரத்துக்கு வீடுகள், வேலைகள், துறைமுகப் பகுதியில் 27 ஏக்கர் நிலம் என்று எழுதி வாங்கி, அந்த உடன்பாட்டை டோலிலேயே வாசித்து அவைக்குறிப்பில் ஏற வைத்தார். எழுத்து கச்சிதம். ஆனால் அந்த அரசு அதே ஆண்டு நவம்பரில் கவிழ்ந்தது. பல வாக்குறுதிகள் காகிதத்திலேயே நின்றன. சுயேச்சையாகப் பேசுகிறவர் முதல் ஆறு மாதத்தில் தொடங்கக்கூடியவற்றைத் தனியாகப் பிரித்து முன்னால் வைக்க வேண்டும். கட்சியாகப் பேசுகிறவர் அவர்களைக் குழுவாகவே உட்கார வையுங்கள். ஒவ்வொருவராகப் பேசினால் கடைசியில் கையெழுத்திடுபவர்தான் மிக அதிகம் கேட்பார், அதை மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆவணத்தில் வினைச்சொல்லைப் பாருங்கள்

அரசுத் திட்ட ஆவணம் நூறு பக்கத்தைத் தாண்டும். சண்டை நடப்பது வாக்கியத்தின் கடைசிச் சொல்லில். ‘செய்வோம்’ என்றால் பொறுப்பு. ‘செய்ய முனைவோம்’ என்றால் காரணம் சொல்லித் தப்பலாம். ‘பரிசீலிப்போம்’ என்றால் எதிர்த்தரப்பு மறுத்துவிட்டது, முகத்துக்காக எழுதியிருக்கிறார்கள். ‘குழு அமைப்போம்’ என்பதை மட்டும் அவசரப்பட்டு ஏளனம் செய்ய வேண்டாம். குடிநீர்க் கட்டணத்தில் இரு கட்சியும் விட்டுக்கொடுக்காமலே நகர முடிந்தது அப்படி ஒரு குழுவால்தான்.

பெயரடையும் அதே அளவு ஆபத்து. 2020 ஏப்ரலில் பசுமைக் கட்சி 17 கோரிக்கைகள் அனுப்பியது. உயிர்நாடி ஆண்டுக்கு 7% உமிழ்வுக் குறைப்பு. உடன்பாட்டில் 7% வந்தது. கூடவே ‘2021 முதல் 2030 வரை சராசரியாக’ என்பதும் வந்தது. சராசரி என்றால் சுமையைப் பின்னால் தள்ளலாம்: பிறகு வகுக்கப்பட்ட கார்பன் வரவுசெலவில் 2025 வரை ஆண்டுக்கு 4.8%, அதற்குப் பிறகு 8.3%. கையெழுத்திட்ட அரசின் காலம் முடியும் நேரத்தில்தான் கடினமான பாதி தொடங்குகிறது. இதைத் தடுக்க விரும்பினால் ஆண்டுவாரியான எண்ணைக் கேளுங்கள்.

அதே ஆவணத்தில் அந்தக் கட்சி கெட்டியாக வாங்கியது வேறு. நடைபாதை, மிதிவண்டி வசதிகளுக்கு ஆண்டுக்கு 36 கோடி யூரோ. புதிய சாலைக்கு ஒரு பங்கு என்றால் புதிய பொதுப்போக்குவரத்துக்கு இரண்டு பங்கு. விகிதமாக எழுதினால் பணம் ஏறினாலும் இறங்கினாலும் பங்கு அப்படியே இருக்கும். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் மறுபடி சண்டை போட வேண்டாம்.

உறுப்பினர் வாக்கெடுப்பைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்

2020இல் பசுமைக் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும். வட அயர்லாந்து உறுப்பினர்களுக்கும் வாக்கு உண்டு. ஃபியனா ஃபோலில் ஒருவருக்கு ஒரு வாக்கு. ஃபினா கேலில் நாடாளுமன்றக் கட்சிக்கு 50%, தொகுதிப் பிரதிநிதிகளுக்கு 25%, உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு 15%, செயற்குழுவுக்கு 10% என்று எடை. ஆக, தலைமை நினைத்தால் மிக எளிதாக நிறைவேறும் இடம் ஃபினா கேல். மிகக் கடினமானது பசுமை. ஜூன் 26 முடிவுகள்: ஃபியனா ஃபோல் 74%, பசுமை 76%, ஃபினா கேல் 80%.

மூன்றில் இரண்டு என்ற தடை பேச்சில் ஆயுதமும் ஆகும்: ‘இதைக் கொண்டுபோனால் எங்கள் ஆட்கள் தோற்கடிப்பார்கள்’ என்று நேர்மையாகவே சொல்லலாம். இன்னொரு உபாயம், சந்தேகப்படுகிறவரைக் குழுத் தலைவராக்குவது. பசுமைக் கட்சியில் பேச்சில் இறங்குவதையே எதிர்த்த துணைத்தலைவர் கேத்தரின் மார்ட்டின்தான் குழுவை நடத்தினார். அவர் கொண்டுவந்த ஆவணத்தை விலைபோனது என்று சொல்வது கடினம். விலை என்னவென்றால், அதே கோடையில் அவர் தலைமைக்கும் போட்டியிட்டார். ரயன் 994க்கு 946 என்று மயிரிழையில் தப்பினார்.

சிறு கட்சி உறுப்பினர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. தொழிற்கட்சி 2011இல் 37 இடத்தோடு உள்ளே போய் 2016இல் 7 இடத்தோடு வெளியே வந்தது. பசுமைக் கட்சி 2007இல் 6, 2011இல் பூஜ்யம். 2020இல் 12, 2024இல் 1. இளைய பங்காளி இந்தக் கணக்கை மேசைமீதே வைத்து, பெயர் சொல்லும்படியான இரண்டு மூன்று வேலைகளையும் அவற்றைச் செய்யும் இலாகாக்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கொள்கை ஒருவரிடம், இலாகா இன்னொருவரிடம் என்று போனால் நன்றி இலாகாக்காரருக்கே சேரும்.

பதவிப் பங்கீடு

அமைச்சரவை பிரதமரையும் சேர்த்து 7க்குக் குறையாமல் 15க்கு மிகாமல். மேலவையிலிருந்து இருவருக்கு மேல் கூடாது. இணை அமைச்சர்கள் 20 ஆக இருந்தது 2025இல் 23 ஆனது. ஏன் என்று சொல்லத் தேவையில்லை. பிரதமர் பதவியைச் சுழற்சியில் பிரித்தால் மாதத்தை ஆவணத்திலேயே எழுதுங்கள். 2022 டிசம்பரில் மார்ட்டினிடமிருந்து வரத்கருக்குச் சிக்கலின்றி மாறியதற்குக் காரணம் அது. 2025 உடன்பாட்டிலும் ஃபினா கேலின் சைமன் ஹாரிஸின் முறை 2027 நவம்பர் என்று உறுதியாக்கப்பட்டிருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகும் அவை விதிகளை ஒருமுறை படியுங்கள். 2025 ஜனவரி 22 அன்று வாக்குகள் கையில், ஆவணம் கையில், உறுப்பினர்கள் ஒப்புதலும் கையில். ஆனால் அரசை ஆதரிக்கும் சுயேச்சைகள் சிலர் எதிர்க்கட்சி வரிசையில் பேச்சு நேரம் கேட்டார்கள். ஒரு குழுவாகப் பதிவாக ஐந்து பேர் போதும் என்பது விதி. எதிர்க்கட்சிகள் கொதித்தெழுந்தன, அமளியில் அவை மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது, பிரதமர் தேர்வு நடக்காமலே அன்றைய நாள் முடிந்தது. மறுநாள் மார்ட்டின் 95க்கு 76 என்று வென்றார். தகராறு தீரவில்லை, அந்தச் சுயேச்சைகளை எதிர்க்கட்சிக் குழுவாக ஏற்க முடியாது என்று அவர்கள் கூட்டத்திலிருந்தே வந்த அவைத்தலைவர் தீர்ப்புச் சொன்னார். கடைசியில் மார்ச் 25 அன்று, இன்னொரு அமளிக்கு நடுவே, வேறு உறுப்பினர்களின் கேள்விகள் என்ற பெயரில் 8 நிமிடம் ஒதுக்கி விதியைத் திருத்தினார்கள். சுயேச்சைகளுடன் கையெழுத்திடும் தாளில் அவர்கள் எந்த வரிசையில் உட்கார்ந்து எத்தனை நிமிடம் பேசுவார்கள் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கிவிடுங்கள்.